மூன்று மணிக்கு நிற்கும் மில்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதோடேயே வாருங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் பழியை வெங்காயத்தின் மேல் போட்டுக்கொள்ளலாம். ஒரு கதை சொல்கிறேன். ராஜா இல்லை, கொலை இல்லை. ஒரு அண்ணன், ஒரு தங்கை, நடுவில் ஒரு போன், அவ்வளவுதான்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு மாவு மில் இருக்கிறது. தினமும் பகல் மூன்று மணிக்கு அது நின்றுவிடும். கரண்ட் போகவில்லை, பெல்ட் அறுபடவில்லை. மில்லுக்காரர் தானே போய் மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கால் மணி நேரம். வரிசையில் டப்பாவோடு நிற்கிறவர்கள் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. புதிதாக வந்தவர் யாராவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். நானும் இடித்திருக்கிறேன். அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. காலையில் எல்லாம் காய்ந்த தானியம். கோதுமை, சோளம், வறுத்த பயறு. அரிசியைக் கழுவி, துணியில் பரப்பி, பாதி ஈரமும் பாதி உலர்வுமாக எடுத்து வருகிறவர்கள் இரண்டு மணிக்கு மேல்தான் வர வேண்டும். ஈர அரிசி அரைத்த கல்லைக் கழுவித் துடைக்காமல் வேறு எதையும் போட முடியாது. அதனால் காய்ந்தது முதலில், ஈரம் கடைசியில். ஈர மாவு இறங்கும்போது பார்த்திருக்கிறீர்களா? சுடச்சுட, ஆவியோடு இறங்கும். அந்த நேரத்தில் மில்லுக்குள் போனால் காற்றே கனமாக இருக்கும். பறக்கிற மாவு சுவரில் பசையாக ஒட்டும், மனிதன் மேலும் ஒட்டும்.

மில்லுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தலை நரைத்ததா மாவா என்று அவர் பெண்சாதிக்கே தெரியாது. கண் இமையில் மாவு, காது மடலில் மாவு, மீசை இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக விறைத்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் தங்கை அவருக்கு மாவுப்பூனை என்று பெயர் வைத்தாள். பதினோரு வயது இளையவள். வேறு யார் சொன்னாலும் முறைப்பார். அவள் சொன்னால் சிரிப்பார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் புளோயரை எடுப்பார். காற்றடிக்கிற குழாய். அதுதான் அவருக்குத் துடைப்பம், சோப்பு, துண்டு எல்லாம். மெஷினுக்கு அடிப்பார், தராசுக்கு அடிப்பார், பல்புக்கு அடிப்பார். பிறகு சட்டைக்கு, சட்டைப்பைக்கு, காதுக்கு, செருப்புக்கு.

"கொஞ்சம் நகந்து நில்லுங்க. இல்லைன்னா நம்மளையும் காத்தடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்பார் எதிர் டீக்கடைக்காரர்.

கடைசியில் போன். அதன் முகத்துக்கு, முதுகுக்கு, பிறகு கீழே சார்ஜர் சொருகுகிற ஓட்டைக்கு நேராகக் குழாயை வைத்து நன்றாக ஒரு அடி. சுத்தமாகிவிட்டது என்று திருப்தியாகப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு வருஷமாகத் தினமும்.

அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது தங்கை புருஷன். சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மில்லுக்காரருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும். அதனால் தங்கை எது சொல்வதானாலும் குரலாகவே பதிந்து அனுப்புவாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. ஒரு மணிக்கு விடுவார்கள், வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நிமிர்ந்தால் மூன்று மணி. அம்மா அவளோடுதான் இருந்தாள். மில்லுக்கு மேல் மாடியில் அண்ணன் வீடு. செங்குத்தான படி, அம்மாவின் முழங்காலுக்கு ஆகவில்லை. ஆக, மூன்று மணியானால் போன் அடிக்கும், அல்லது டிங் என்று ஒரு சத்தம் வரும். அழுத்தினால், "மாவுப்பூனை, சாப்பிட்டியா? அம்மா உன்னைத் திட்டறா, கேளு" என்று ஆரம்பிக்கும். மெஷின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, தனக்குத்தானே சிரிப்பார்.

ஒருநாள், ஈர அரிசி அரைத்துக்கொண்டிருந்த மத்தியானம், போனில் ஏதோ எழுத்து வந்தது. பெண்சாதி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்து படித்தாள்.

"இணைச்சிருக்கிற துணைக்கருவி ஏத்ததில்லையாம். கழட்டிடச் சொல்லுது."

"துணைக்கருவின்னா?"

"கூடச் சொருகற சாமான். சார்ஜர் மாதிரி."

"சார்ஜர் மேல வீட்டுல இல்ல கெடக்கு?"

"அதான் நானும் பாக்கறேன். ஒண்ணுமே சொருகலை. ஒண்ணும் சொருகாமலே கழட்டச் சொல்லுது."

"அப்ப ராத்திரி சொருகினதைச் சொல்லுது. மாப்பிள்ளை போன மாசம் புதுசுன்னு ஒண்ணு குடுத்தாரே, அதைத்தான்."

"போனுக்கு என்னங்க பழசையெல்லாம் மனசுல வச்சுக்கற புத்தி?" என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் போன் நன்றாக இருந்தது. மத்தியானம் மறுபடி அதே எழுத்து. மூன்றாம் நாளும். வந்தது, போனது, வந்தது. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "போலி சார்ஜர் போட்டா இப்படித்தான் வருமாம். எங்க கொழுந்தனுக்கு வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். மனிதருக்குப் பிடித்துக்கொண்டது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "மாப்பிள்ளை நமக்குப் போலியைத் தலையில கட்டிட்டாரு" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நாலு பேர் வாய் வழியாகப் போகும்போது சிரிப்பு கொட்டிப்போய், மிச்சம் மட்டும்தானே போய்ச் சேரும்.

சேர்ந்தது. தங்கை வந்தாள். ஒரு மத்தியானம், வேலை உடுப்பு கூட மாற்றாமல். நான் வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்தேன்.

"அண்ணே, என்ன சொல்லிக்கிட்டுத் திரியற?"

"என்ன சொன்னேன்?"

"அவரு உனக்குப் போலி சாமான் குடுத்தாருன்னு. கேட்டுட்டு ரெண்டு நாளா மனுஷன் சாப்பிடலை. கடைக்குப் போயி அதே சார்ஜரைச் சோதிக்கச் சொல்லி, நல்லதுதான்னு கேட்டுட்டு வந்திருக்காரு. உன்கிட்ட வந்து சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கறாரு."

"நான் ஒண்ணும் கட்டிச் சொல்லலை. போன் சொல்லுது. பாரு, இதோ." எழுத்து அப்போதும் திரையில் நின்றது.

"போன் தப்பாச் சொல்லியிருக்கும்."

"போன் எதுக்குடீ பொய் சொல்லணும்? அதுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பகையா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

"சரி" என்றாள் தங்கை. முகம் சிவந்துவிட்டது. "ஒரு டப்பா சொல்றதை நம்பு. கூடப் பொறந்தவ சொல்றதை நம்பாதே."

"ஆமா, நம்பறேன். டப்பா என்னை நாலு பேரு முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேக்கலை."

"உன் படி இனிமே எனக்கு வேணாம்."

"மிதிக்காதே. நான் கூப்பிடலை."

பெண்சாதி சல்லடையோடு எழுந்து வருவதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். எனக்கு முன்னால் நின்றவளுடைய அரிசி பாதி அரைபட்டிருந்தது. அவர் போய் மீதியைத் தொட்டியில் கொட்டினார். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக விழுந்தது, அவர் கவனிக்கவில்லை.

பத்து நாள் போயிற்று. பிறகு ஒரு மத்தியானம் போனில் தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் குரல் செய்தி வந்திருந்தது. டிங் என்ற சத்தம் வரவில்லை, தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அழுத்தி, காதில் வைத்தார். கோடு நகர்ந்தது, கோடு முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. மில் இரைச்சலோ என்று பின்கட்டுக்குப் போய் மறுபடி வைத்தார். ஒன்றும் இல்லை.

"வெறுமனே அனுப்பியிருக்கா" என்றார் பெண்சாதியிடம்.

"வெறுமனே எதுக்கு அனுப்புவா? போனுக்கு என்னமோ வந்திருக்கு. யார்கிட்டயாவது காட்டுங்க."

"காலையில எத்தனை பேரு கூப்பிட்டாங்க? எல்லாம் கணீர்னு கேட்டுச்சே. போன் நல்லாத்தான் இருக்கு. உன்கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிக் காட்டறா. அவ புத்தி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் இன்னொன்று. அதுவும் ஊமை. மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டதாகவும் போனில் அடையாளம் இருக்கும்; மணி அடித்ததே கிடையாது. "ஒரு அடி அடிச்சிட்டு வெட்டிடறா. சீண்டறா" என்பார். மத்தியானத்தில் கூப்பிட்ட வாடிக்கைக்காரர்களும் மறுநாள் வந்து, "எத்தனை தடவை அடிக்கிறது, எடுக்கவே மாட்டேங்கிறீங்களே" என்று குறைப்பட்டார்கள். அவர்களிடம், "மில் சத்தத்துல கேக்கலைங்க" என்று கைகூப்புவார். மற்றவர்கள் விஷயத்தில் மில் சத்தம்; தங்கை விஷயத்தில் திமிர். நம்மவர்களுக்கு நாம் வைத்திருக்கிற தராசு எப்போதும் வேறாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். அந்தச் செய்திகளில் ஒன்றை, ஒரே ஒன்றை, காலையில் எழுந்ததும் அவர் மறுபடி அழுத்தியிருந்தால் போதும். எல்லாம் கேட்டிருக்கும். ஆனால் மனிதன் ஒருமுறை அவமானம் என்று முடிவு கட்டியதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. அவர் பெண்சாதியும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பேசாமல் விட்டுவிட்டாள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. வெயில் தகித்தது. பெண்சாதி மூட்டை தைக்கிற நூல் வாங்க வெளியே போயிருந்தாள். நாலைந்து பேருக்கு ஈர அரிசி. ஆவி கண்ணைக் கரித்தது. தெருவில் மர நிழலில் ஒரு வேன் வந்து நின்றது. மில்லுக்கு உள்ளே இருந்து பார்த்தால் வெளியே வெயில் வெள்ளையாகக் கூசும், வண்டி மட்டும் கறுப்பாகத் தெரியும்; யாருக்கோ சாமான் இறக்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மாவு மூட்டையை இழுத்து வாசலோரம் வைக்க வந்தவர், பையிலிருந்து போனை எடுத்தார். தங்கையிடமிருந்து குரல் செய்தி, இப்போதுதான் வந்தது. வாசலிலேயே நின்று அழுத்தினார். காதில் வைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கோடு நகர்ந்து முடிகிற வரைக்கும் வைத்திருந்தார். சத்தமில்லை.

"ஊமைப் பொழப்பு" என்று முனகி, போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினார்.

வெகு நேரம் கழித்துத்தான் வேன் கிளம்பிப் போயிற்று. சாயங்காலம் பார்த்தபோது இன்னொரு செய்தியும் இருந்தது. அதை அவர் அழுத்தவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து டீக்கடைக்காரர்தான் சொன்னார். "என்னங்க, தங்கச்சி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாமே. அம்மாவையும் கூட்டிக்கிட்டு."

"எங்க?"

"துறைமுகத்துக்கு மாத்திட்டாங்களாம் உங்க மாப்பிள்ளையை. ரெண்டு நாள் ரயில். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் மில்லுக்காரர். டீயைப் பாதியிலே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வந்து பெண்சாதியிடம், "சொல்லாமப் போயிட்டா. பெத்தவளைக் கூடக் கண்ணுல காட்டாமக் கூட்டிட்டுப் போயிட்டா" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கோபம் ஒன்றே சோறும் தண்ணீருமாக இருந்தது.

பிறகு போனில் சார்ஜே ஏறவில்லை. சொருகினால் முனை உள்ளே போகாமல் பாதியில் நின்றது. மில்லுக்குப் போன் இல்லாமல் முடியுமா? பெண்சாதி போனைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னைக்கு நானே வர்றேன். நீங்க பேசாம வாங்க" என்று அவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாள். காலை பத்து மணி.

அங்கே போன் பழுது பார்க்கிற ஒரு அம்மாள் உண்டு. கண்ணாடியை நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று இரண்டு போட்டிருப்பாள். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மிச்சமிருந்த உயிரில் திரையை எழுப்பிப் பார்த்தாள். மேலே மூலையில் சின்னதாக ஒரு படம் இருந்தது.

"இது என்ன, தெரியுதா? காதுல மாட்டற கருவியோட படம். இங்க எதுவும் மாட்டலை. ஆனா மாட்டியிருக்குன்னு இது நெனச்சுக்கிட்டிருக்கு. அப்ப சத்தத்தையெல்லாம் எங்க அனுப்பும்?"

"எங்க?"

"இல்லாத காதுக்கு. சத்தம் எத்தனை நாளா இல்லை?"

"காலையில கேட்டுக்கிட்டிருந்துச்சுங்க" என்றார் மில்லுக்காரர். "மத்தியானம்தான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன தொழில்?"

"மாவு மில்லு."

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு போனை முழுசாக அணைத்தாள். சின்ன விளக்கை ஓட்டைக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "ஊசி விடக்கூடாது, உள்ள இருக்கற பல்லெல்லாம் போயிடும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மரக்குச்சி ஒன்றைச் சீவி மெல்லியதாக்கினாள். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். வந்தது. வெள்ளையாக, கெட்டியாக, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கட்டி. வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"காத்தடிச்சீங்களா இதுல?"

"தினமும் அடிப்பேங்க. சுத்தமா வச்சுப்பேன்."

"நல்லா வச்சிருக்கீங்க. அடிச்ச காத்து மாவை வெளிய கொண்டு வரலை, உள்ள இடிச்சு ஏத்தியிருக்கு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இதுல ரொட்டி சுடலாம்." குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தாள். "மத்தியானம் ஈரம் ஏறினா இது ஊறி உள்ள எல்லாத்தையும் ஒட்டிக்கும். போனு ஏதோ சொருகியிருக்குன்னு நெனச்சுக்கும். கழட்டுன்னு கத்தும், சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிடும். ராத்திரி காஞ்சா காலையில நல்லாயிடும். இப்ப அடைப்பு முத்திடுச்சு, காலையிலயும் விட மாட்டேங்குது. சார்ஜர் எங்க? குடுங்க."

பெண்சாதி கொடுத்தாள். அவள் அதை ஒரு கருவியில் மாட்டிப் பார்த்தாள். "இது அசல். இதுக்கு ஒரு கேடும் இல்லை."

மில்லுக்காரர் காகிதத்தில் இருந்த கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் காயவைத்து, போனை எழுப்பினாள். மூலையில் இருந்த படம் போய்விட்டது. "சத்தம் பாப்போம்" என்று சொல்லி, திரையில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு குரல் செய்தியை அழுத்தினாள்.

"டேய் தம்பி" என்றது போன், கடை முழுக்க. "இதுல பேசினா அவனுக்குக் கேக்குமாடீ?"

அம்மாவின் குரல். அவர் எட்டி அந்த அம்மாளின் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. புருஷனும் பெண்சாதியும் அதில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டார்கள். அவளே எனக்குச் சொன்னது இது.

முதல் செய்தி: "அண்ணே, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், நெனப்புல வச்சுக்க. ஆனா அம்மாவுக்கு ஒரு வாரமா சரியில்லை. உன்னைக் கேக்கறா."

அடுத்தது: "அவருக்குத் துறைமுகத்துக்கு மாத்தல் ஆயிடுச்சு. மாசக் கடைசியில போகணும். அம்மாவை யார்கிட்ட விடறது, சொல்லு. உன் மாடிப்படி ஏற மாட்டா. கூட்டிட்டுப் போறேன். போறதுக்கு முன்னால வந்து பாரு."

அடுத்தது அம்மா: "டேய் தம்பி... கேக்குமாம்டா. வேலை முடிஞ்சதும் வந்துட்டுப் போ. வர்றப்ப கோதுமை அரைச்சு எடுத்துட்டு வா, தவிடு எடுக்காம. அந்த ஊருல எவன் எப்படி அரைப்பானோ. நிறுத்தறது எப்படிடீ இதை? சிவப்பையா?"

அடுத்தது தங்கை: "அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கற. சரி, அவரே தப்புப் பண்ணினாருன்னு வச்சுக்க. நான் மன்னிப்புக் கேக்கறேன். போதுமா? வா."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதைக் கேட்டபோது பெண்சாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வெள்ளிக்கிழமைச் செய்தி. அழுத்தியதும் முதலில் குரல் வரவில்லை. ஒரு இரைச்சல் வந்தது. தடதடவென்று, நடுவில் பெல்ட் ஒருமுறை கீச்சிட்டு. இருபத்தைந்து வருஷம் கேட்ட சத்தம், அவருக்குத் தெரியாதா? அவருடைய சொந்த மில். அதற்கு மேல் தங்கையின் குரல், பக்கத்தில், ரகசியம் சொல்கிற மாதிரி.

"அண்ணே, வாசல்லதான் நிக்கறோம். மரத்தடியில வேன். சாமானெல்லாம் ரயிலுக்குப் போயாச்சு. அம்மா முன்சீட்டுல உக்காந்திருக்கா. நீ மிதிக்காதேன்னுட்ட, நான் எறங்கி வர மாட்டேன். அம்மாவால எறங்க முடியாது. ஒரே ஒரு நிமிஷம் வெளிய வா. இதோ, நீ வாசலுக்கு வர்றே. உன்னைப் பாக்கறோம். அம்மா கையாட்டறா. போனை எடு, அண்ணே. ஆங், எடுத்துட்டே. கேளு, மாவுப்பூனை. கேளு."

அது முடிந்தது. இன்னும் ஒன்று மிச்சம், அவர் அழுத்தாமல் விட்டது. அவர் போனை நீட்டினார், பெண்சாதிதான் அழுத்தினாள்.

"பாத்தேன். காதுல வச்சதைப் பாத்தேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டுத் திரும்பிப் போனே. சரி. அம்மாகிட்ட, வேலையா இருக்கான்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் இல்லை.

பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. "நான் ரெண்டு தடவை சொன்னேன், போனைக் காட்டுங்கன்னு" என்றாள் அவள் என்னிடம். "மூணாவது தடவை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லாம விட்டேன்னு எனக்கே தெரியலைக்கா."

அன்றைக்கே தங்கையின் எண்ணுக்குக் கூப்பிட்டார். அவள் வீட்டில் இல்லை, அம்மாதான் எடுத்தாள்.

"தம்பியா? சாப்பிட்டியா?"

"அம்மா, அன்னைக்கு நான்..."

"வேலையா இருந்தே. அதனால என்ன? வாசல்ல உன்னைப் பாத்தேன்டா, நல்லா வெள்ளையா நின்னே. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு மெஷினைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். முக்கால் மணி நேரம். ரயில்ல எல்லாம் அதே சத்தம்தான் எனக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்டப் பேசு. அவதான் அழுதா" என்றாள்.

தங்கை மூன்று மணிக்குப் போனில் வந்தாள். அவர் மில்லை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். மாவு, காற்று, ஈரம், கட்டி. நடுநடுவே குழறியது.

"மாவா?" என்றாள் தங்கை.

"மாவுதான், குட்டி. காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன். மாப்பிள்ளை சார்ஜர் அசல். போன்தான் தப்பாச் சொல்லிருச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி போய்விட்டதோ என்று அவர் போனைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தாராம், பாவம்.

"இதைத்தானே அண்ணே நான் அன்னைக்குச் சொன்னேன். போன் தப்பாச் சொல்லியிருக்கும்னு."

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"போன் எதுக்குப் பொய் சொல்லணும்னு சொன்னேன்."

"நாலு பேரு முன்னால."

"ஆமா. மாப்பிள்ளைகிட்டக் குடு, நான் அவர் காலுல..."

"அதெல்லாம் வேணாம். அவரு அன்னைக்கே மறந்துட்டாரு. அவருக்கு மனசு அப்படி." ஒரு மூச்சு விட்டாள். "நீ சொல்றதை நான் நம்பறேண்ணே. நம்பாம என்ன. ஆனா என் கண்ணு இன்னும் நம்ப மாட்டேங்குது. நீ காதுல வச்சுக் கேட்டுட்டுத் திரும்பினதை அது பாத்துடுச்சு. தினமும் பாக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"வர்றேன். நேர்ல வர்றேன், குட்டி."

"இப்ப வராதே. கொஞ்ச நாள் போகட்டும். அம்மாகிட்டக் காலையில பேசிக்க. எனக்கு இங்கயும் மூணு மணிக்குத்தான் ஓய்வு. மனசு வந்தா நானே அடிக்கறேன். நீ அடிக்காதே."

"நீயே அடிப்பியா?"

"மனசு வந்தா" என்றாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றிலிருந்து மூன்று மணிக்கு மில் நிற்கிறது. போன் இப்போது மாவு பக்கம் வருவதில்லை. பெண்சாதி மாவு மூட்டைத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்திருக்கிறாள். வாசல் பக்கத்து ஜன்னலில் அது தொங்குகிறது. மூன்று மணியானால் உறையிலிருந்து எடுத்து, மூலையில் அந்தப் படம் இல்லையே என்று பார்த்து, முழங்கால் மேல் வைத்துக்கொள்கிறார். அவரும் தெருவும் வரிசையும் நானும் சும்மா இருக்கிறோம். ஒருமுறை மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். கூப்பிட்டது சல்லடை விற்கிறவன். "மூணு மணிக்கு மட்டும் கூப்பிடாதப்பா" என்று அவனிடம் எவ்வளவு தணிந்து சொன்னார் தெரியுமா?

மாதம் ஒருமுறை தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு மூட்டையாகக் கட்டி ரயிலில் போகிறது. ஈரம் படாத காலை நேரத்தில், கல்லைத் துடைத்து, முதல் அரைப்பாக அதைத்தான் அரைக்கிறார். ரொட்டி மெத்தென்று வருகிறது என்று அம்மா சொல்கிறாள். தங்கையும் சாப்பிடுகிறாளா என்று இவர் கேட்பார். "சாப்பிடறா, சாப்பிடறா" என்பாள் அம்மா. "நேத்து மூட்டையைப் பிரிக்கறப்ப அவ மூக்கு மேல மாவு ஒட்டிக்கிச்சு. கண்ணாடியில பாத்து சிரிச்சா."

எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பை மில்லுக்காரர் எங்கள் எல்லோரிடமும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார். தங்கையிடமிருந்து மணி இன்னும் அடிக்கவில்லை. நேற்றும் மூன்று மணிக்கு மில் நின்றது.

என்னிடம் இருக்கிற கதை இவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், அடுப்பைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் அது காதில் விழட்டும். விழாமல் போனதெல்லாம் வராமல் போனதாக உங்களுக்குத் தோன்றாமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு உங்கள் வாசல் தெரிந்த வாசலாகவே இருக்கட்டும், மரத்தடியில் யாரும் காத்து நிற்க வேண்டாம். உங்கள் பானையில் மாவு குறையாமல், உங்கள் பிள்ளைகுட்டிகள் ஒருவர் குரலை ஒருவர் மறக்காமல், நல்லா இருங்கள்.